சாதிக்குதிரை

"சாதி நாய் ஐயா இது! சாதாரண நாயில்லை!"

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், பால்வெள்ளைக் குட்டியொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, பள்ளி வாயிலில் நின்று இப்படிச் சொன்னான். இராசபாளையத்திலிருந்து மாமன் கொண்டுவந்து கொடுத்தாராம். இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். 2005-இல் இந்திய அஞ்சல் தலையிலேயே இடம்பெற்ற இனம். வத்திராயிருப்புத் தெருவில் அதை நடத்திக்கொண்டு போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். நானும் குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஆனால், அந்தச் சொல் என்னை விடவில்லை. சாதி நாய்! சாதிமல்லி! சாதிமுத்து! எது சிறந்ததோ அதன் முன்னே 'சாதி'யைக் கொண்டுபோய் ஒட்டவைத்த வழக்கு எவ்வளவு ஆழமாக நம் நாவில் ஊறிக்கிடக்கிறது! அந்த வரிசையில் இன்னொரு சொல்லும் உண்டு — சாதிக்குதிரை. அது என் தாயின் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிய சொல். அந்தக் கதையை இதுவரை நான் எவரிடமும் சொன்னதில்லை. நம் ஏட்டுத் தோழர்களிடம் முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டப்படிப்புக்காக நான் தங்கியிருந்தது ஒரு பெருநகரத்தில். ஊரின் பெயரும் பந்தயத் திடலின் பெயரும் வேண்டாம். பிழை என்னுடையது, இடத்தினுடையது அன்று. கல்லூரியில் பகுத்தறிவு மன்றத்தின் செயலாளன் நான். இராகுகாலம் பார்த்துக் கூட்டத்தைத் தொடங்குவோம் — அதாவது, இராகுகாலத்திலேதான் தொடங்குவோம்! சோதிடப் புரட்டைப் பற்றி ஒரு மணி நேரம் இடைவிடாது பேசுவேன். கைதட்டல் எழும். கைதட்டலில் மயங்காத இளைஞன் உண்டா?

விடுதி நண்பன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தான். "சூதாட்டத்துக்கா கூப்பிடுகிறாய்?" என்றேன். அவன் சிரித்தான். "சூதாட்டம் என்றால் தாயம், மூணு சீட்டு. இது ஆராய்ச்சியடா! குதிரையின் தாய் யார், தந்தை யார், கடந்த ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எவ்வளவு எடை சுமக்கிறது, சவாரி செய்யும் ஜாக்கி யார், எல்லாம் அச்சிட்டுப் புத்தகமாக விற்கிறார்கள். நீதான் பகுத்தறிவாளனாயிற்றே, படித்துப் பார்த்து முடிவு செய்!" என்றான்.

தூண்டிலில் எந்த மீனுக்கு எந்த இரை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பக்தனைத் திருநீறு காட்டி அழைப்பார்கள். என்னைப் பகுத்தறிவைக் காட்டி அழைத்தான். போனேன். படித்தேன். கோடு போட்டேன், கணக்குப் போட்டேன். நூறு ரூபாய் கட்டினேன். ஐந்நூறாகத் திரும்பி வந்தது. குதிரை வென்றது என்று நான் எண்ணவில்லை. என் அறிவு வென்றது என்று எண்ணினேன். அன்றே தோற்றிருந்தால் பிழைத்திருப்பேன்!

மூன்றாவது வாரம் என் பையில் 6,000 ரூபாய் இருந்தது. தேர்வுக் கட்டணம், விடுதிப் பாக்கி இரண்டுக்குமாக, திருவில்லிபுத்தூர் அடகுக்கடையில் கம்மலை வைத்து அம்மா அனுப்பிய பணம். இரட்டிப்பாக்கிக் கம்மலையும் மீட்டுவிடலாம் என்பது என் திட்டம். முதல் ஓட்டத்தில் புத்தகத்தை ஆராய்ந்து கட்டினேன், போயிற்று. அடுத்ததில் இழந்ததை எடுக்கக் கட்டினேன், அதுவும் போயிற்று. கடைசி ஓட்டம் வந்தபோது கையில் எஞ்சியது 1,500. அப்போது நான் புத்தகத்தைப் பார்க்கவில்லை, தோழர்களே! ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அங்கே ஒரு ஜாக்கி, கறுப்புச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக! "நம் நிறம்!" என்று நெஞ்சு துள்ளியது. ஆயிரத்து ஐந்நூறையும் கட்டினேன்.

குதிரை ஏழாவதாக வந்தது. கம்பியோரம் என் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், கையில் இறுக்கிப் பிடித்திருந்த எலுமிச்சம்பழத்தைத் தரையில் வீசினார். அவர் கையில் எலுமிச்சம்பழம். என் கையில் கறுப்பும் சிவப்பும். எங்கள் இருவருக்கும் வேறுபாடு என்ன? வெளியே வரும்போது தரையெல்லாம் கிழிந்த சீட்டுகள். அந்தக் குப்பையில் என் மேடைப் பேச்சும் கிடந்தது.

மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய கதையை ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறார்கள். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொற்காசுகளை அமைச்சர் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டுவிட்டாராம். அரசனுக்குக் கணக்குக் காட்ட, இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டி வந்தாராம். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டனவாம். பொதுப் பணத்துக்கு இப்படியும் ஒரு கணக்கா என்று நாம் மேடையில் கேட்டிருக்கிறோம். அன்றிரவு விடுதி மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கதை வேறு பொருளில் விளங்கியது. பகலில் நான் கண்டதெல்லாம் பரி. இரவில் ஊளை.

நண்பர்களிடம் கடன் வாங்கித் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினேன். பின்பு வெறி பிடித்தவன்போலக் குதிரையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இந்த முறை பந்தயப் புத்தகத்தை அல்ல. படித்தபோது கண்டது என்ன? நாம் எதிர்த்துப் போராடும் இரண்டு பேய்களும், குலமும் விதியும், அந்தப் புல்தரையில் கைகோத்து நிற்கக் கண்டேன்.

முதலில் குலம். பந்தயக் குதிரை என்பது இங்கிலாந்துப் பிரபுக்கள் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உருவாக்கிய இனம். ஆண்வழியில் மூன்றே மூதாதையர்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன். மூன்றும் கிழக்கிலிருந்து போனவை. 1791-இல் இவற்றின் வமிசாவளியைப் புத்தகமாக அச்சிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் தாய், தந்தை இருவரின் பெயரும் இல்லாத குதிரை, காற்றாய்ப் பறந்தாலும் 'சாதிக்குதிரை' ஆகாது! கலப்புக்கு இடமில்லை. கேட்ட குரலாக இருக்கிறதல்லவா? 2005-இல் அயர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்தபோது, இன்றுள்ள ஆண் சாதிக்குதிரைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து டார்லி அரேபியன் ஒன்றின் வழியே என்று தெரிந்தது. அவ்வளவு குறுகிய கிணறு அது! நம் இராசபாளையத்து நாயையே பாருங்கள். தூய வெண்மை வேண்டும், தூய வெண்மை வேண்டும் என்று உறவுக்குள்ளேயே இணைத்ததன் விளைவாக, காது கேளாமல் பிறக்கும் குட்டிகள் உண்டு. தூய்மைக்குக் கொடுத்த விலை.

அதைவிடச் சுவையான செய்தி ஒன்று. 1922-க்குப் பின் ஓடிய நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பந்தயக் குதிரைகளின் கணக்கை எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் எடுத்து ஆராய்ந்து, 2007-இல் முடிவை வெளியிட்டனர். குதிரைகள் வாழ்நாளில் ஈட்டும் பரிசுப் பணத்திலுள்ள ஏற்றத்தாழ்வில், பரம்பரையின் பங்கு நூற்றுக்குப் பத்துதான்! மற்றதெல்லாம் தீனி, பராமரிப்பு, பயிற்சி, சவாரி செய்பவர், எந்த ஓட்டத்தில் எதோடு ஓடவிடுகிறார்கள் என்பவை. இருநூறு ஆண்டுக்கு மேலாக, இலட்சம் இலட்சமாகக் கொட்டி, குலம் பார்த்துக் குலம் பார்த்துக் கலந்தும், குதிரையிலேயே குலத்தின் பங்கு பத்தில் ஒன்று. மனிதனுக்குக் குலம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். குதிரைக் குலத்தாராவது நேர்மையானவர்கள்: ஆண்டுதோறும் ஓடவிட்டுச் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் 'உயர்ந்தவன்' ஓடிக் காட்ட வேண்டியதே இல்லை, பிறந்தாலே பரிசு!

அந்தத் திடலில் நான் வியந்து நின்ற வழக்கம் ஒன்றும் உண்டு. பல ஓட்டங்களில், திறம் மிக்க குதிரைக்கு அதிக எடை ஏற்றுகிறார்கள். திறம் குறைந்ததற்குக் குறைந்த எடை. சேணத்தில் ஈயத் தகடு வைத்துக்கூடச் சமன் செய்கிறார்கள். டெர்பி போன்ற பெரும் பந்தயங்களிலும் பெண்குதிரைக்கு எடைச் சலுகை உண்டு. உறுப்பினர் மாடத்தில் குளிர்பானம் பருகியபடி அமர்ந்திருக்கும் கனவான்கள் இதை முழுமனத்தோடு ஏற்கிறார்கள். ஏற்காவிட்டால் பந்தயமே சுவைக்காது என்கிறார்கள். அதே கனவான்களிடம் வெளியே வந்தபின் இடஒதுக்கீடு பற்றிக் கேட்டுப் பாருங்கள்: "தகுதி என்னாவது? திறமை என்னாவது?" குதிரைக்குக் கிடைத்த நியாயம் குப்பனுக்குக் கிடைக்கக்கூடாதாம்!

இன்னொன்று: நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் எல்லாச் சாதிக்குதிரைகளுக்கும் வயது ஏறும் நாள் சனவரி முதல் தேதி. எந்த நாளில் எந்த நாழிகையில் பிறந்திருந்தாலும் அப்படித்தான். அவற்றுக்குச் சாதகம் கணிக்க வருபவர் பாடு திண்டாட்டம்!

இனி, குதிரைமேல் இருப்பவன். அவனைப் பற்றித் திடலில் எவரும் பேசுவதில்லை. தோற்றால் மட்டும் திட்டுவார்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டாதபடி உடம்பை வற்றவைத்து, பட்டினி கிடந்து, வியர்வையைப் பிழிந்து, உயிரைப் பணயம் வைத்து ஓட்டுகிறவன் ஜாக்கி. பணம் முதலாளியின் குதிரைக்கு. புகழும் குதிரையின் குலத்துக்கு.

அமெரிக்காவில் கெண்டகி டெர்பி என்று ஒரு பந்தயம். 1875-இல் முதன்முதலாக அது ஓடியபோது களத்தில் இறங்கிய பதினைந்து ஜாக்கிகளில் பதின்மூன்று பேர் கறுப்பினத்தார். வென்ற ஆலிவர் லூயிசும் கறுப்பர். ஏன் அத்தனை பேர்? தோட்ட முதலாளியின் கொட்டிலில் குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துக் குளிப்பாட்டி, பழக்கியவர்கள் அடிமைகள்தாம். அந்தத் தொழில் அவர்கள் தலையில் கட்டப்பட்டது. நம் ஊரில் பறை கட்டப்பட்டது போல, துணி வெளுப்பது கட்டப்பட்டது போல. ஐசக் மர்பி என்ற கறுப்பர் 1884, 1890, 1891 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்த டெர்பியை வென்றார். முதல் 28 டெர்பிகளில் 15-ஐக் கறுப்பினத்தாரே வென்றனர்.

பிறகு என்ன நடந்தது? இழிதொழிலாக இருந்தவரை அவர்களுக்கே விட்டுவைத்தவர்கள், அதில் பணமும் பெயரும் வரத் தொடங்கியதும் விழித்துக்கொண்டார்கள். வெள்ளை ஜாக்கிகள் ஓட்டத்தின் நடுவிலேயே வேலியோரம் நெருக்கினார்கள். முதலாளிகள் வாய்ப்புத் தர மறுத்தார்கள். 1901, 1902 இரண்டு ஆண்டும் வென்ற ஜிம்மி விங்க்பீல்டு நாட்டைவிட்டே போய் உருசியாவில் சவாரி செய்தார். அவருக்குப் பின் அந்த டெர்பியை வென்ற கறுப்பினத்தார் எவரும் இல்லை. 1961-இல், முதுமையில், அவரைச் சிறப்பிக்க லூயிவில் நகரில் விருந்து. அழைப்பின்பேரில் மகளோடு வந்த அவரை, உணவு விடுதியின் முன்வாயிலில் நிறுத்தி, இந்த வழியாக நீங்கள் வரக்கூடாது என்றார்கள்! விருந்தே அவருக்கு! இதைப் படித்தபோது கெண்டகியா நினைவுக்கு வரும்? வைக்கத்துத் தெரு நினைவுக்கு வந்தது.

இங்கே நம் மாநிலத்திலும் தடை உடைத்தவர்கள் இல்லாமலில்லை. சென்னையில் வளர்ந்த ரூபா சிங் என்ற பெண், ஆண்களே ஓட்டிய களத்தில் இறங்கி நூற்றுக்கணக்கான ஓட்டங்களில் வென்றார். அந்தத் திறமையை நான் வணங்குகிறேன் — வணக்கம் என்ற சொல்லை நாம் கடவுளுக்குச் செலவிடாததால் மனிதருக்கு நிறைய மிச்சமிருக்கிறது.

ஆனால், ஜாக்கியின் திறமை சீட்டு வாங்கியவனின் திறமை ஆகுமா? இந்தக் கேள்விதான் கிண்டித் திடலின் வரலாறு முழுவதும் ஓடுகிறது. கிண்டியில் குதிரைப் பந்தயம் 1777-இலேயே தொடங்கியதாகச் சொல்கிறார்கள். சென்னைப் பந்தய மன்றம் 1896-இல் அமைந்தது. சூதாட்டச் சட்டத்தில் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் இருந்த விலக்கை நீக்க 1949-இல் திருத்தச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் மாகாண ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் எங்கள் இராசபாளையத்துக் குமாரசாமி ராஜா என்பதை இவ்வட்டாரத்தான் என்ற முறையில் குறித்துவைக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் உயிர்பெற்றதோ 1975 மார்ச் 31-இல்! இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாளில் உறங்கிற்று. அதே நாளில்தான், கலைஞர் ஆட்சி 1974-இல் இயற்றிய குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. மன்றத்தார் வழக்காடினர், உச்சநீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, குதிரைகள் ஓடிக்கொண்டேயிருந்தன. 1986-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி மன்றத்தையே அரசுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1996 சனவரி 12-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது, ஆகவே சூதாட்டமன்று, 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது.

தீர்ப்பைக் குறைகூற நான் சட்டம் படித்தவனல்லன். என் ஐயம் கணக்கு ஆசிரியனுக்கு வரும் ஐயம். (நான் தமிழாசிரியன்; கணக்கு ஆசிரியர் விடுப்பில் போனால் அந்த வகுப்பும் எனக்குத்தான்.) நூறு பேர் கட்டிய பணத்திலிருந்து நடத்துகிறவரும் அரசும் தம் பங்கை முதலில் எடுத்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் பகிரப்படுகிறது. 2023 அக்டோபரில் பந்தயப் பணத்தின் முழு மதிப்புக்கும் நூற்றுக்கு 28 வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 40. அதெல்லாம் வேண்டாம், நூற்றுக்கு வெறும் இருபதுதான் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கரும்பலகையில் எழுதினேன்: 100 ரூபாய் 80 ஆகும், அதைத் திரும்பக் கட்டினால் 64, பிறகு 51 ரூபாய் 20 காசு. பத்தாவது சுற்றில் பத்து ரூபாய் எழுபத்து நான்கு காசு! ஒருவன் வெல்லலாம், கூட்டம் முழுவதும் தோற்றே தீரும். எந்தத் திறமை இந்தக் கழித்தலை வெல்லும்?

நிலக் கணக்கும் சுவையானது. கிண்டியில் 160 ஏக்கர், 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாயும் சொச்சமும். ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு நான்கு ரூபாய்கூட இல்லை! பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு உழும் என் தந்தை அளக்கும் நெல்லை நினைத்தேன்; மழை பொய்த்த ஆண்டிலும் அவர் அளக்கிறார். 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை நீக்கித் திடலைப் பூட்டி முத்திரையிட்டது. வழக்குகள் தொடர்ந்தன. அந்தச் செய்தியைப் படிப்பகத்தில் உரக்கப் படித்தபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சற்றுக் குறைவாக.

ஏனென்றால், நம் பக்கத்துக் கணக்கிலும் கறை உண்டு. 1968-இல் அண்ணா முதல்வராயிருந்தபோதுதான் அரசுப் பரிசுச்சீட்டு தொடங்கியது. கலைஞர் ஆட்சி அதை 1975-இல் நிறுத்தியது. பிறகு மீண்டும் முளைத்து, 2003-இல்தான் மாநிலத்தில் லாட்டரி முழுவதும் தடைசெய்யப்பட்டது. குதிரை ஓட்டத்தை வெறுத்தவர்களே சீட்டு ஓட்டத்துக்கு இடம் தந்தோம். அதைச் சொல்லாமல் மற்றவரைச் சாடினால், எலுமிச்சம்பழத்தைக் கண்டு சிரித்த நான் கறுப்புச் சட்டை ஜாக்கிமேல் பணம் கட்டிய கதைதான்.

திடல் பூட்டியதால் முடிந்துவிடவுமில்லை. 'திறமை' என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கைப்பேசிக்குள் ரம்மி வந்தது. 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது, அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யச் சட்டம் செய்தது. அதற்குள், மேற்குமலை அடிவாரத்தில், புளியந்தோப்பும் தென்னந்தோப்பும் சூழ்ந்த எங்கள் சிற்றூரிலேயே, அறுவடைப் பணத்தைக் கைப்பேசியில் தொலைத்த வீடுகளை நான் அறிவேன். சாதி நாய்க்குட்டியைக் கொண்டுவந்தானே, அந்த மாணவனின் வீடும் ஒன்று. நான் கரும்பலகையில் எழுதிய 100, 80, 64 கணக்கை அவன் தனித்தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "எதற்கடா?" என்றேன். "அப்பாவுக்கு ஐயா" என்றான்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னோடு வந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவன் தன் தந்தையிடம் காட்டத் துணிந்த கணக்கை, நான் இன்னும் என் தாயிடம் காட்டவில்லை.

வேலை கிடைத்த மூன்றாம் மாதமே கம்மலை மீட்டுக் கொடுத்துவிட்டேன். அசல் 6,000, வட்டி தனி. அம்மா அதைக் காதில் போட்டுக்கொண்டு, "என் கம்மல்தான் உன்னைப் படிக்க வைத்தது" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. இந்த ஏடு வந்தாலும் நான் படித்துக் காட்டினால்தான் உண்டு. இந்தக் கட்டுரையின் கைப்படி இப்போது என் எதிரே இருக்கிறது. அம்மா அடுப்படியில் இருக்கிறார். சோறு வடித்துவிட்டு வரட்டும். முதலிலிருந்து படித்துக் காட்டப் போகிறேன்.